வெளிநாட்டுச் சாக்கெட்டில் நம்ம ஊர் பிளக்: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க

மதுரை டவுன்ஹால் ரோட்டில் கடை ஏறி "அண்ணே, சிங்கப்பூர் அடாப்டர் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து நீட்டிவிடுவார்கள். ஃபோன் சார்ஜருக்கு அது தாராளமாகப் போதும். லேப்டாப், அயர்ன் பாக்ஸ், மிக்சி, அம்மாவின் நெபுலைசர் என்று பெட்டி நிறையும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும்.

அடாப்டர் செய்வது ஒரே வேலை: பின்னின் வடிவத்தை மாற்றுவது. வோல்ட்டேஜை அது தொடாது. எர்த்தைக் கடத்துமா என்பதும் வாங்கிய அடாப்டரைப் பொறுத்தது. ஆகவே போன இடத்தில் எது மக்கர் பண்ணினாலும் வடிவமா, வோல்ட்டேஜா, எர்த்தா என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் காரணம் சீக்கிரம் பிடிபடும்.

அதற்கு முன், சாதனத்தின் அடியிலோ சார்ஜரின் முதுகிலோ இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். "இன்புட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் உலகில் எங்கே கொண்டுபோனாலும் ஓடும். பின்னின் வடிவம் மட்டும்தான் கவலை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று ஒற்றை எண் இருந்தால் அது நம்ம ஊருக்கும், நம்மைப் போல 230 வோல்ட் உள்ள நாடுகளுக்கும் மட்டுமே ஆன பொருள். ஃபோன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் அனேகமாக முதல் ரகம். மிக்சி, கிரைண்டர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர், பம்ப் வைத்த நெபுலைசர் எல்லாம் இரண்டாவது ரகம். ட்ரிம்மரும் ஹேர் ஸ்ட்ரெயிட்னரும் இரண்டு விதமாகவும் வரும். படிக்காமல் நம்பக் கூடாது.

பின் துளைக்குள் போகவே இல்லை

எந்த நாட்டில் நிற்கிறீர்கள் என்பதை வைத்து இதற்குக் காரணம் மாறும்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார், ஓமன், பஹ்ரைன், சவுதி, இங்கிலாந்து: இங்கெல்லாம் ஜி வகை. மூன்று சதுரத் துளை, மூன்று தட்டைப் பின். துளைகளுக்குள் எட்டிப் பார்த்தால் கீழே உள்ள இரண்டும் பிளாஸ்டிக் கதவால் மூடியிருக்கும். மேலே உள்ள நீளமான எர்த் பின் முதலில் நுழைந்து அந்தக் கதவைத் திறக்க வேண்டும். நம்ம ரெண்டு பின் சார்ஜருக்கு அந்த மூன்றாவது பின் இல்லாததால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது.

மேல் துளையில் பேனா மூடியைக் குத்திக் கதவைத் திறந்து, உருண்டைப் பின்னைச் செருகும் வித்தை வளைகுடா அறைகளில் ரொம்பப் பிரபலம். செய்ய வேண்டாம். சதுரத் துளைக்குள் இருக்கும் பித்தளைத் தகடு தட்டைப் பின்னைப் பிடிக்கச் செய்தது. உருண்டைப் பின்னை ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டிஷ் பாணி வயரிங்கில் பல சாக்கெட்டுகளை ஒரே வளையமாக இழுத்து 32 ஆம்பியர் பிரேக்கரில் விடுவது வழக்கம். சார்ஜரின் மெல்லிய ஒயர் கருகி முடியும்வரை அந்த பிரேக்கர் அசையாது. அதனால்தான் அந்த ஊர் பிளக்குக்குள்ளேயே 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ் வைக்கிறார்கள். பேனா வித்தை அந்த ஃபியூஸைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. ஃபியூஸ் உள்ள ஜி அடாப்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து பக்கம்: மெல்லிய ரெண்டு பின் சார்ஜர் நேராகவே போகும். அதன் பின் 4 மில்லிமீட்டர், அங்கே துளை 4.8 மில்லிமீட்டர் பின்னுக்கானது. ஆனால் நம்ம 6 ஆம்பியர் மூணு பின் பிளக்கில் ஃபேஸ், நியூட்ரல் பின்கள் 5.08 மில்லிமீட்டர், எர்த் பின் 7.06 மில்லிமீட்டர். அந்த எர்த் பின்னுக்கு அங்கே துளையே இல்லை, நுழையாது. அதே தடிமனில் உள்ள ரெண்டு பின் பிளக்கைக் கால் மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று அமுக்கினால் சாக்கெட்டின் உள்தகடு விரிந்துபோகும். அடுத்து வருகிறவருக்கு லூஸ் காண்டாக்ட். மேலும் ஜெர்மனியில் சாக்கெட் ஒரு வட்டக் குழிக்குள் இருக்கும், பிரான்சில் அந்தக் குழியிலிருந்தே எர்த் பின் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அகலமான கட்டி அடாப்டர் அந்தக் குழிக்குள் இறங்காது. விட்டம் குழிக்குப் பொருந்தும் உருண்டை அடாப்டர்தான் அங்கே சரி.

உலகம் முழுவதற்கும் என்று விற்கும் கட்டை அடாப்டரில் நம்ம பிளக்கே நுழையாமல் போவதும் உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் பிளக்குகளுக்குத் துளை இருக்கும். நம்ம ஊர்த் தடித்த எர்த் பின்னுக்கு இருக்காது. கடையிலேயே உங்கள் லேப்டாப் ஒயரைச் செருகிப் பார்த்து வாங்குங்கள். ஒயரைக் கையோடு கொண்டுபோகாமல் அடாப்டர் வாங்கப் போவதில் அர்த்தமே இல்லை.

இலங்கை ஒரு விசேஷம். பழைய வீடுகளில் நம்ம 6 ஆம்பியர் மூணு பின் அப்படியே பொருந்தும் சாக்கெட் இருக்கும். புதிய கட்டடங்களில் சதுரத் துளைதான். கொழும்புக்குப் போகிறவர்கள் ஜி அடாப்டர் ஒன்றை வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் ஆகும்.

இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றின் 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு அடாப்டர் தேடி அலையாதீர்கள். பயண அடாப்டர் எதுவும் அந்தச் சுமைக்குச் செய்தது இல்லை. 230 வோல்ட் நாட்டில் வருஷக் கணக்கில் தங்கப் போகிறீர்கள் என்றால் அங்கேயே 13 ஆம்பியர் பிளக் வாங்கி மாற்றிவிடுவது மேல். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் எடுப்பது 8.7 ஆம்பியர்; 13 ஆம்பியருக்குள் அடங்கும். பிளக்கைத் திறந்து, எர்த் மேலே இருக்கும்படி உள்ளே பார்த்தால் வலது பக்கம் ஃபியூஸ் தொட்டிருக்கும் பின்தான் ஃபேஸ்: பழுப்பு ஒயர். இடது பக்கம் நியூட்ரல்: நீலம். மேலே எர்த்: பச்சை-மஞ்சள். பழைய இந்திய ஒயராக இருந்தால் அதே வரிசையில் சிவப்பு, கறுப்பு, பச்சை. ஒயரின் மேலுறையைக் கிளிப் இறுகப் பிடித்திருக்க வேண்டும்; செம்பு இழை ஒன்றுகூட வெளியே தலைநீட்டக் கூடாது.

மாட்டியாச்சு, ஆனால் உயிரே இல்லை

முதலில் சுவிட்ச். சிங்கப்பூரிலும் துபாயிலும் நம்ம ஊரைப் போலவே சாக்கெட்டோடு சுவிட்ச் இருக்கும். ஆனால் எந்தப் பக்கம் அமுக்கினால் ஆன் என்பது பார்த்தவுடன் தெரியாத மாடல்களும் உண்டு, இரண்டு பக்கமும் அமுக்கிப் பாருங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாக்கெட்டுக்குச் சுவிட்ச் இருக்காது. என்றாலும் அமெரிக்க வீடுகளில் படுக்கை அருகில் உள்ள ஒரு சாக்கெட் மட்டும் வாசல் பக்கத்துச் சுவரில் உள்ள விளக்குச் சுவிட்சோடு இணைந்திருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் ஃபோன் காலையில் செத்துக் கிடக்கும்.

ஹோட்டல் என்றால் கதவோரம் இருக்கும் கார்டு பெட்டியைச் சந்தேகப்படுங்கள். அறைக் கார்டை உருவியதும் விளக்கோடு சாக்கெட்டுகளும் அணையும். வெளியே போகும்போது சார்ஜ் ஏற வேண்டுமானால் ஃப்ரிட்ஜ் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சாக்கெட்டை முயன்று பாருங்கள். அது பெரும்பாலும் கார்டோடு சேராமல் தனி லைனில் இருக்கும்.

அமெரிக்கச் சமையலறையிலும் குளியலறையிலும் சாக்கெட்டின் நடுவில் இரண்டு குட்டிப் பொத்தான்கள் இருக்கும்: டெஸ்ட், ரீசெட். கசிவைக் கண்டால் மின்சாரத்தை வெட்டிவிடும் பாதுகாப்பு அது. ரீசெட்டை அமுக்கினால் உயிர் வரும். மறுபடி மறுபடி விழுந்தால் உங்கள் சாதனத்தில்தான் கசிவு. அதை அங்கே பயன்படுத்தாதீர்கள்.

இங்கிலாந்து ஹோட்டல் குளியலறையில் ரெண்டு பின் நுழையும் ஒரு சாக்கெட் கண்ணில் படும், 115 / 230 என்று எழுதியிருக்கும். அது ஷேவருக்கு. உள்ளே ஒரு சின்னஞ்சிறு டிரான்ஸ்பார்மர் மட்டும் உள்ளதால் ட்ரிம்மர், எலெக்ட்ரிக் பல்துலக்கி தாண்டி எதையும் தாங்காது.

இவையெல்லாம் சரி என்றால் அடாப்டரைக் கழற்றிப் பாருங்கள். தள்ளி எடுக்கும் ரகமாக இருந்தால் பின் கடைசிவரை வந்து 'டிக்' என்று பூட்டியதா? பாதியில் நின்றால் உள்ளே தொடர்பே கிடைக்காது. பிறகு ஃபியூஸ். உலக அடாப்டரில் சின்னக் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கும். ஜி பிளக்கில் 25 மில்லிமீட்டர் நீளப் பீங்கான் ஃபியூஸ். பீங்கானில் உள்ளே பார்க்க முடியாது என்பதால் மல்டிமீட்டரில் பீப் சத்தம் வருகிறதா என்று சோதியுங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் இன்னொன்று போடுங்கள். சிகரெட் தாள் ஈயத்தைச் சுற்றிவிடுவது, ஒயர் இழையைச் செருகுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். புது ஃபியூஸும் உடனே போனால் சாதனத்தில் ஷார்ட், அல்லது அந்த அடாப்டர் தாங்காத வாட்.

ஓடுகிறது, ஆனால் மந்தமாக

அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. நம்ம கெட்டிலை அடாப்டர் போட்டு அங்கே மாட்டினால் வெடிக்காது, புகையாது. சிவப்பு விளக்கு மங்கலாக எரியும், தண்ணீர் மட்டும் சீக்கிரம் கொதிக்காது.

சுருள் வைத்த சாதனத்தில் வோல்ட்டேஜ் பாதியானால் சக்தி கால்வாசியாகும். 1500 வாட் கெட்டில் 120 வோல்ட்டில் சுமார் 408 வாட்தான் தரும். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் நம்ம ஊரில் மூன்றேகால் நிமிஷத்தில் கொதித்தால், அங்கே கணக்குப்படியே 12 நிமிஷம். சூடு காற்றில் கரைவதையும் சேர்த்தால் அதற்கு மேல். ஜப்பானில் அதே கெட்டில் 284 வாட். அயர்ன் பாக்ஸும் இதே கதை: 1000 வாட் பெட்டி 272 வாட் ஆகிவிடும், காட்டன் சட்டை மடிப்புக்கு எந்தக் காலத்திலும் சூடாகாது.

கெட்டில் மந்தமானால் நேரம்தான் போகும். மிக்சி மந்தமானால் மிக்சியே போகும். 230 வோல்ட் மிக்சியை 120-இல் மாட்டினால் முனகிக்கொண்டு சுற்றும். தேங்காய்ச் சில்லை இழுக்கத் திணறும். மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். அரைபடாமல் ஜார் மாட்டிக்கொண்ட நேரத்தில் சூடு ஏறும், வெளியே போக வழியிருக்காது. அடியில் உள்ள சிவப்பு ஓவர்லோடு பொத்தான் வெளியே துள்ளினால் அது உங்களை எச்சரிக்கிறது. அமுக்கி அமுக்கி ஓட்டாதீர்கள்.

ஸ்டெபிலைசர் வைத்தால் சரியாகிவிடுமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஆகாது. வீட்டு ஸ்டெபிலைசர் 230-ஐச் சுற்றி ஏறி இறங்குவதைச் சரிசெய்யும் பொருள். 120-ஐ 230 ஆக்கும் வேலை அதற்குத் தெரியாது. தேவைப்படுவது ஸ்டெப் அப் டிரான்ஸ்பார்மர். மோட்டார் சாதனத்துக்கு அதன் வாட்டைப் போல இரண்டு மடங்காவது வேண்டும்: 750 வாட் மிக்சிக்கு 1500 விஏ (டிரான்ஸ்பார்மரின் திறனைச் சொல்லும் அளவு). கிரைண்டர் மோட்டார் புறப்படும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டருக்கே 500 விஏக்குக் குறையாமல் பாருங்கள். கையளவுதான் இருக்கும், 1600 வாட் தாங்கும் என்று எழுதி, எடையே இல்லாத 'கன்வெர்ட்டர்' ஒன்று கிடைக்கும். அது மின்சார அலையை வெட்டி வோல்ட்டேஜைக் குறைக்க மட்டும் தெரிந்த ரகம், 120-ஐ 230 ஆக்காது. 230 வோல்ட் நாட்டில் 120 வோல்ட் சுருள் வைத்த சாமானுக்கு மட்டும் சரிப்படும். மோட்டாரையும் சார்ஜரையும் அதில் மாட்டினால் கெட்டுப்போகும். நிஜ டிரான்ஸ்பார்மர் பல கிலோ கனக்கும், அதுதான் அடையாளம்.

இத்தனை கிலோவைப் பெட்டியில் ஏற்றுவதைவிட, அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட்டில் செய்த இந்திய மிக்சியை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள் வீட்டு மிக்சியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோவது பாசத்தில்தான். அங்கே அது ஜாரை மட்டும்தான் பயன்படக் கொடுக்கும்.

நெபுலைசரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பம்ப் வைத்த வீட்டு நெபுலைசர் பெரும்பாலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மட்டும். 120-இல் பம்ப் அழுத்தம் போதாமல் மருந்து புகையாக மாறாது. மருந்து உள்ளே போகிறது என்ற நினைப்பில் உட்கார்ந்திருப்பார்கள். வயதானவரோடு அமெரிக்கா போகிறவர்கள் 100–240 என்று எழுதிய மாடலையோ பேட்டரி, யூஎஸ்பி மாடலையோ டாக்டரிடம் கேட்டுக் கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

மாட்டினவுடன் 'டப்'

இது எதிர்த்திசைக் கோளாறு. சித்திரைத் திருவிழாவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் அங்கத்திய ஹேர் டிரையரையோ குக்கரையோ அடாப்டர் போட்டு மதுரை வீட்டில் மாட்டும்போது நடப்பது. 120 வோல்ட் பொருள் 230-ஐக் குடித்தால் சக்தி 3.67 மடங்கு. 1875 வாட் டிரையர் கணக்குப்படி 6800 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். சுருள் செக்கச் சிவந்து அறுந்துபோகும், இல்லை வீட்டு டிரிப் விழும். சில பயண டிரையர்களில் 125 / 250 என்று திருகும் சுவிட்ச் இருக்கும், காசை வைத்துத் திருக வேண்டும். அது இருந்தால் மாட்டும் முன் 250-க்குத் திருப்புங்கள்.

அமெரிக்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவருவது இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் அது வெறும் ஒயர்தானே என்று தோன்றும். மின்னல், ஏற்ற இறக்கத்தைத் தடுக்க அதற்குள் ஒரு தட்டைப் பாகம் வைத்திருப்பார்கள். 120 வோல்ட்டுக்குச் செய்த அந்தப் பாகத்துக்கு நம்ம 230 வோல்ட்டே மின்னல் மாதிரிதான். சூடாகி, புகைந்து, கருகும். லேப்டாப்பும் ஃபோனும் 100–240 ஆக இருந்தும் பாக்ஸ் போய்விடுவது இதனால்தான்.

நம்ம ஊர் பாக்ஸை அங்கே கொண்டுபோனால் இந்த ஆபத்து இல்லை. ஒரே அடாப்டரில் நம்ம நாலு சாக்கெட் பாக்ஸை மாட்டினால் குடும்பத்துக்கே சார்ஜ் ஏறும். அடாப்டரின் ஆம்பியரை மட்டும் மீறக் கூடாது: 6 ஆம்பியர் அடாப்டர் 230 வோல்ட் நாட்டில் 1380 வாட் தாங்கும்; அமெரிக்காவில் அதே அடாப்டர் 720 வாட்தான். அமெரிக்காவில் பாக்ஸின் விளக்கு மங்கும், ஏற்ற இறக்கப் பாதுகாப்பும் வேலை செய்யாது.

லேப்டாப் மூடியைத் தொட்டால் சுருசுரு என்கிறது

சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும், புறங்கையால் உலோக மூடியை மெதுவாகத் தடவினால் சொரசொரப்பாக நடுங்குவதுபோல் இருக்கும். உருவினால் நின்றுவிடும். டெஸ்டரை வைத்தால் விளக்கு மினுக்கும். அலறிக்கொண்டு லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சார்ஜருக்குள் இரைச்சலை அடக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கிறது. அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் வெளித்தகட்டுக்கு வரும். சரியான எர்த் இருந்தால் அது அந்த வழியே இறங்கிவிடும். இல்லாதபோது உங்கள் கை வழியாக இறங்கப் பார்க்கிறது.

அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். ஜி அடாப்டரின் நீளமான பின் பளபளவென்று பித்தளையாக இருக்கிறதா, அல்லது கறுப்பு, வெள்ளைப் பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் என்றால் அது கதவைத் திறக்க மட்டும் வைத்த குச்சி, எர்த்தே கிடையாது. ஐரோப்பிய உருண்டை அடாப்டர் என்றால் இரண்டு பக்கத்திலும் உலோகத் தகடு, பிரான்ஸ் பின்னுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். வெறும் இரண்டு பின்னோடு மொழுமொழுவென்று இருந்தால் எர்த் இல்லை. அமெரிக்கத்தில் இரண்டு தட்டைப் பின்னோடு உருண்டையான மூன்றாவது பின் வேண்டும். தள்ளி எடுக்கும் உலக அடாப்டர்களில் பல எர்த் கடத்தாதவை. பெட்டியில் சின்னதாக எழுதியிருப்பார்கள்.

லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம் என்பதுதான் சரியான தீர்வு. சார்ஜர் செங்கலிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்: முனை மூன்று வட்டம் சேர்ந்த பூ மாதிரி இருக்கும் அல்லது எட்டு மாதிரி இருக்கும். அந்த முனைகள் உலகம் முழுக்க ஒரே அளவு. போகும் நாட்டுப் பிளக் வைத்த அதே முனை ஒயரை வாங்கினால் எர்த்தும் வந்துவிடும், தொங்கல், லூஸ், சூடு எதுவும் இல்லை. (எட்டு முனையில் மட்டும் எர்த் கிடையாது, அது எர்த் இல்லாமலே ஓடும்படி செய்தது.) சிங்கப்பூர் முஸ்தபா சென்டர் போன்ற கடையில் எளிதாகக் கிடைக்கும் சாமான்.

சுருசுருப்போடு நிற்காமல் கையை உதறவைக்கும் அளவு ஷாக் அடித்தால், அது கெப்பாசிட்டர் கதையல்ல, கசிவு. சுவிட்சை அணைத்து உருவிவிட்டு அதைத் திரும்பத் தொடாதீர்கள். உலோக உடம்புள்ள அயர்ன் பாக்ஸையும் கெட்டிலையும் எர்த் இல்லாத அடாப்டரில் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள்: உள்ளே ஒயர் உரசி உடம்பைத் தொட்டால் டிரிப் விழ வழியே இல்லை, தொடுகிறவர்தான் எர்த்.

சூடு, கருகல் வாடை, பொறி

பிளக் மாட்டும் நொடியில் ஒரு சின்ன நீலப் பொறி தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. லேப்டாப் சார்ஜர் முதல் மடக்கு மின்சாரத்தை இழுப்பதுதான். மாட்டிய பிறகும் சடசடவென்று சத்தம் வந்தால் லூஸ் காண்டாக்ட்.

எல்லா நாட்டுப் பின்னையும் ஏற்கும் அகன்ற துளைக்குள் எந்தப் பின்னும் இறுக்கமாக நிற்பதில்லை. தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை வந்தால்கூட, 230 வோல்ட்டில் 1500 வாட் சாதனம் இழுக்கும் 6.5 ஆம்பியருக்கு அங்கே 4 வாட் சூடு. அமெரிக்காவில் அதே 1500 வாட்டுக்கு 12.5 ஆம்பியர் வேண்டும். சூடு 15 வாட்டுக்கு மேல். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்று அடாப்டருக்குள் எரிவதற்குச் சமம். பிளாஸ்டிக் இளகும், பின் இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும்.

மாட்டிப் பத்து நிமிஷம் கழித்துச் சுவிட்சை அணைத்து உருவிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு, பின்னில் பழுப்பு நிறம், துளையோரம் மஞ்சளித்தல் என்றால் அந்த அடாப்டர் குப்பைக்கு. சூடான அடாப்டரின் மேல் அடாப்டர் அடுக்குவது, நாட்டுக்கு நாடு மூன்றைக் கோர்த்து மாட்டுவது இரண்டுமே இந்த நிலைக்கு நேர்வழி.

அடாப்டர் சாய்கிறது, விழுகிறது

பெரும்பாலும் அமெரிக்காவில். இரண்டு மெல்லிய தகடு, அதன் மேல் உலக அடாப்டர், அதன் மேல் லேப்டாப் செங்கல். சுவரில் தொங்கினால் தானே வெளியே வரும். பாதி வெளியே வந்த தகடு உயிரோடுதான் இருக்கும், சின்னக் குழந்தை உள்ள வீட்டில் ஆபத்து. எடையைச் சுவரிலிருந்து தரைக்கு இறக்குங்கள்: ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்றை மாட்டி, அடாப்டரைத் தரையில் வையுங்கள். அங்கே ஒரு தகடு மற்றதைவிட அகலமாக இருக்கும், அது நியூட்ரல். திருப்பிப் போட்டால் போகவில்லை என்று தேய்த்து மெலிய வைக்காதீர்கள்.

ஃபோன் ஆமை வேகத்தில் ஏறுகிறது

120 வோல்ட் காரணமில்லை. சார்ஜர் உள்ளே அதைச் சமாளித்துக்கொள்ளும். அடாப்டரின் பக்கவாட்டில் உள்ள யூஎஸ்பி துளையில் நேராகக் கேபிளைச் செருகியிருப்பீர்கள். அவை பல மாடல்களில் 5 வோல்ட், 2.4 ஆம்பியர்: மொத்தமே 12 வாட், அதையும் நாலு ஃபோன் பங்கு போடும். உங்கள் 33 வாட் சார்ஜரை அடாப்டரில் மாட்டி அதிலிருந்து ஏற்றுங்கள்.

மோட்டார் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது

சவுதியிலும் கொரியாவிலும் வோல்ட்டேஜ் நம்மைப் போலவே 220–230. ஆனால் ஹெர்ட்ஸ் (மின்சார அலை நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்ற எண்) நம்ம 50 அல்ல, 60. சார்ஜருக்கும் கெட்டிலுக்கும் இதனால் ஒன்றுமில்லை. மிக்சியும் கார்பன் பிரஷ் மோட்டார் என்பதால் பொருட்படுத்தாது. மாவு கிரைண்டர் மோட்டார் அப்படியல்ல: அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு போகும், ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். இழுக்கும் வலுவோ குறையும். உளுந்து ஊறவைத்து முழு அளவு போட்டால் புறப்படவே திணறலாம். அரை அளவு போட்டு, வெறும் குடத்தைச் சுற்றவிட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரிசியைச் சேர்த்தால் சமாளிக்கலாம். சவுதியின் பழைய கட்டடங்களில் 127 வோல்ட் சாக்கெட்டும் உண்டு; தட்டைப் பின் துளையைக் கண்டால் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலேயே

ஜி சாக்கெட் மதுரை வீட்டில் இருக்காது, ஆகவே மாட்டிப் பார்க்க முடியாது. ஆனால் மல்டிமீட்டரின் பஸ்ஸர் நிலையில் எல்லாவற்றையும் சோதிக்கலாம். தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. அடாப்டரை எதிலும் மாட்டாமல் கையில் பிடியுங்கள். ஒரு முனையை நம்ம ஊர் எர்த் துளைக்குள்ளும் மற்றதை ஜி பிளக்கின் நீளப் பின்னிலும் வையுங்கள்: பீப் வர வேண்டும். வராவிட்டால் எர்த் இல்லாத அடாப்டர்; ஃபோனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஃபேஸ் துளை, நியூட்ரல் துளை ஒவ்வொன்றுக்கும் அதனதன் பின்னில் பீப். இரண்டு தட்டைப் பின்களுக்கும் நடுவில் வைத்தால் பீப் வரவே கூடாது. வந்தால் உள்ளே ஷார்ட், அப்படியே கடையில் திருப்பிக் கொடுங்கள். கடைசியாக உங்கள் பிளக்கை அதில் செருகித் தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்குங்கள். தானே நழுவி விழுகிற அடாப்டரை வாங்காதீர்கள்.